பீங்கான் தட்டில் ஒரு சொட்டு கியர் ஆயில்

ஊறுகாய் போட பீங்கான் சாடி வாங்கும்போது உங்கள் அம்மா என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? சாடியைக் கையில் தூக்கி, விரலை மடக்கி அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டுவார். 'கணீர்' என்று ஒலித்தால் நல்ல சாடி. 'டப்' என்று மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்து விடுகிறது. கீறல் இருக்கும் இடத்தில் அதிர்வுகள் தடைப்பட்டு, உராய்ந்து, விரைவில் அடங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் இந்தத் தட்டிப் பார்க்கும் வித்தை அனைவருக்கும் கைவந்தது. மின்சார ஃபியூஸ் கட்டைகள், மின்காப்பான்கள், பொம்மைகள், அகல் விளக்குகள் என்று பலவும் அங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையமும் அங்கு உண்டு. பீங்கானுக்கு முதல் தேவை மண். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை அடைவதற்காக அகற்றப்படும் மேல் மண்ணில் நல்ல களிமண்ணும் அடங்கியிருக்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மேற்கு மாவட்டங்களிலிருந்து வரவேண்டும். சூளைக்குள் போகும் ஒவ்வொரு பிடி மண்ணும் ஏதோ ஒரு லாரியின் முதுகில் வந்ததுதான்.

இப்போது ஒரு சிறு தொழிற்கூடத்துக்காரரை எண்ணிக் கொள்ளுங்கள். வாடகை லாரிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. புது லாரி வாங்க வசதியில்லை. கடன் வாங்கி, பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கி, தேவைப்படும்போது பின்னால் ஒரு டிரெய்லரையும் பூட்டி இழுக்கலாம் என்று நினைக்கிறார். லாரி பளபளவென்று பெயின்ட் அடித்து நிற்கிறது. என்ஜின் ஒரே சுழற்றில் கிளம்புகிறது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரிலும் எண் குறைவாகவே இருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டிய பொருள் ஓட்டுநரின் காலடிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. அதுதான் கியர் பாக்ஸ் என்னும் பற்சக்கரப் பெட்டி. என்ஜின் உண்டாக்கும் முறுக்கு விசை முழுவதும் இந்தப் பெட்டியின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஏழு மடங்கு முறுக்கு

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு நடுத்தர லாரி என்ஜின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் கியரில் பற்சக்கரப் பெட்டி அதை 7 மடங்காக்குகிறது. பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் அதை மேலும் 6 மடங்காக்குகிறது. ஆக 42 மடங்கு. 16,800 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர் என்றால், சக்கரம் சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசை 33,600 நியூட்டன். உராய்வில் கொஞ்சம் வீணாகும். அதை இங்கே விட்டுவிடுவோம். டாப் கியரிலோ பெட்டி எதையும் பெருக்குவதில்லை. கிரவுன் பினியனின் 6 மடங்கு மட்டுமே. விசை 4,800 நியூட்டன்.

இனி சாலைக்கு வருவோம். 16 டன் லாரி, 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம். புவியீர்ப்பை எதிர்த்து ஏற 7,840 நியூட்டன் வேண்டும். டயர் உருளும் தடைக்கு எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,570 நியூட்டன். மொத்தம் 9,400. டாப் கியரின் 4,800 போதாது. கியரைக் குறைத்தாக வேண்டும். டிரெய்லரையும் பூட்டி மொத்த எடை 30 டன் ஆகிவிட்டால்? 17,600 நியூட்டனைத் தாண்டுகிறது. பெட்டி ஏறக்குறைய 4 மடங்காவது பெருக்கிக் கொடுத்தால்தான் வண்டி நகரும். அதாவது, தனியாக ஓடும் லாரி நடுக் கியர்களில் ஏறிவிடும் இடத்தில், டிரெய்லர் இழுக்கும் லாரி முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ முக்கி முனகிக் கொண்டு ஏறும். பற்சக்கரங்களின் மேல் அழுத்தம் மிக அதிகமாக இருப்பதும் அந்தக் கியர்களில்தான்.

இதனால் பெட்டிக்கு என்ன கேடு? பெட்டிக்குள் தண்டுகளைத் தாங்கிச் சுழல விடும் பேரிங்குகளை எடுத்துக் கொள்ளுங்கள். பேரிங்கின் ஆயுளைப் பற்றி ஸ்வீடன் நாட்டுப் பொறியியலாளர்களான லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் 1947-இல் ஒரு விதியை வெளியிட்டார்கள். குண்டுகள் கொண்ட பேரிங்கின் ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது; எட்டில் ஒன்றாகிவிடும்! கால் பங்கு சுமை கூடினாலே 1.25-ஐ மும்மடி பெருக்கிப் பாருங்கள், 1.95 வரும். ஆயுள் ஏறத்தாழப் பாதி.

ஒரே நாளில் தயாரான, ஒரே மாதிரியான இரண்டு லாரிகள். இரண்டும் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியவை. ஒன்று பஞ்சு மூட்டை ஏற்றியது. மற்றது ஈரக் களிமண்ணை வாய் வழிய ஏற்றியது. ஒரு கன மீட்டர் ஈரக் களிமண் 2 டன்னை நெருங்கும் என்பதை நினைவில் வையுங்கள். மீட்டரில் உள்ள எண் இரண்டுக்கும் ஒன்றே. பெட்டியின் நிலை ஒன்றாக இருக்குமா? பழைய லாரி வாங்குபவர்கள் 'எவ்வளவு ஓடியது?' என்று கேட்கிறார்கள். 'எவ்வளவு இழுத்தது?' என்றல்லவா கேட்க வேண்டும்! மீட்டரில் எண்ணை மாற்றி வைப்பவர்களும் உண்டு, மீட்டர் கம்பியைக் கழற்றிப் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு என்பது தனிக் கதை. இழுத்த சுமையின் கணக்கைப் பற்சக்கரப் பெட்டி தன் உடம்பிலேயே எழுதி வைத்துக் கொள்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மெருகு போனால்

பீங்கானின் மேல் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இருக்கிறதல்லவா? பற்சக்கரத்தின் பல்லுக்கும் ஏறக்குறைய அப்படி ஒரு தோல் உண்டு. ஆனால் அது வெளியிலிருந்து பூசியதல்ல. எஃகுப் பற்சக்கரத்தைக் கரி மிகுந்த சூழலில் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால், கரி அணுக்கள் எஃகின் மேற்பரப்பில் ஊடுருவும். பிறகு சட்டென்று குளிர்வித்தால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் தோல் மிகக் கடினமாகிறது. உள்ளே இருக்கும் எஃகு சற்று மென்மையாகவே இருக்கும். தோல் தேயாமல் காக்கிறது; உள்பகுதி அதிர்ச்சியைத் தாங்கி முறியாமல் காக்கிறது. அழகான ஏற்பாடு!

அளவுக்கு மீறிய சுமையில் பல் மீண்டும் மீண்டும் அழுந்தும்போது, இந்தத் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. பின்னர் ஊசிமுனைக் குழிகள். பின்னர் செதில் செதிலாக உதிர்தல். தோல் போன இடத்தில் தேய்மானம் குதிரை வேகத்தில் நடக்கும். உதிர்ந்த செதில்கள் எங்கே போகும்? ஆயிலில்தான் கிடக்கும்.

ஆகவே, சோதனையை ஆயிலில் தொடங்குவோம். இதற்கு விருத்தாசலத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு கருவியே போதும்: மெருகு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு. கூடவே பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தம். மெக்கானிக்கிடம் சொல்லி, பெட்டியின் அடியில் உள்ள டிரெய்ன் பிளக்கைத் தளர்த்தி, கொஞ்சம் ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

நல்ல கியர் ஆயில் தேன் நிறத்திலோ கறுத்தோ இருக்கலாம், பயப்பட வேண்டாம். கந்தக நெடி அடித்தாலும் அது இயல்பே. கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். கருகிய நாற்றம் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டுக் கடைசியில் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். தண்ணீர் புகுந்த பெட்டியில் பேரிங்குகள் துருப்பிடித்து அரிபட்டிருக்கும்.

இனிதான் வேடிக்கை. தட்டில் மின்னும் துகள்கள் தெரிகின்றனவா? காந்தத்தைத் தட்டின் அடியில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். பீங்கான் காந்த விசையைத் தடுக்காது. ஆயிலுக்குள் சில துகள்கள் காந்தத்தோடு ஊர்ந்து வரும். சில அசையாமல் நிற்கும். ஊர்ந்து வருபவை எஃகு: பற்கள் அல்லது பேரிங்குகளிலிருந்து உதிர்ந்தவை. அசையாமல் பொன்னிறமாக மின்னுபவை பித்தளை அல்லது வெண்கலம். கியர் மாற்றும்போது வேகங்களைச் சமன் செய்யும் வளையங்கள் பல பெட்டிகளில் பித்தளை வகை உலோகத்தால் ஆனவை. ஆக, நோய் எந்த உறுப்பில் என்பதைக் காந்தமே பிரித்துச் சொல்லிவிடுகிறது!

அளவும் முக்கியம். டிரெய்ன் பிளக்கிலேயே பல பெட்டிகளில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறச் சேறு போலப் படிந்திருந்தால் அது நெடுநாள் இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் மாவு போலிருக்கும். நகத்துண்டு போன்ற சில்லுகள், ஊசி போன்ற சிம்புகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அந்த லாரியை விட்டுவிடலாம். ஆயில் புத்தம் புதிதாக, கண்ணாடி போலிருந்தால்? 'அட, நன்றாகப் பராமரித்திருக்கிறார்' என்று உடனே மகிழ வேண்டாம். நேற்று மாற்றியிருந்தால் பழைய சாட்சியம் எல்லாம் வடிந்து போயிருக்கும். நல்ல பராமரிப்பாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம். வண்டியை 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பதே வழி. வேலை முடிந்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

காது வைத்துக் கேளுங்கள்

அடுத்தது ஒலிச் சோதனை. லாரியை ஓட்டுவதும் பெடலை மிதிப்பதும் உரிமம் பெற்ற பெரியவரின் வேலை. உங்கள் வேலை கேட்பது, குறித்துக் கொள்வது.

முதலில், பெட்டி குளிர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சில குறைகள் ஒளிந்து கொள்ளும். வேறு சில குறைகள் ஆயில் சூடாகி இளகிய பிறகே வாய் திறக்கும். இரண்டு நிலையிலும் கேட்க வேண்டும். பெட்டியின் முனகலை அடக்க ஆயிலில் மரத்தூளைக் கலந்து விற்ற கதைகளைப் பழைய மெக்கானிக்குகள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள். அதற்கும் பீங்கான் தட்டே பதில் சொல்லும்.

வண்டி நிற்கட்டும், என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்ச் பெடலில் கால் இல்லை. இந்நிலையில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? என்ஜினோடு இணைந்த முன் தண்டும், அதனோடு பல் கோத்த லே ஷாஃப்ட் என்னும் துணைத் தண்டும் சுழல்கின்றன. வெளியே போகும் தண்டு நிற்கிறது. இப்போது ஓர் உறுமல் கேட்கிறது என்று கொள்வோம். பெடலை மிதித்தால் கிளட்ச் பிரிந்து முன் தண்டும் லே ஷாஃப்டும் நின்றுவிடும். உறுமலும் நின்றுவிட்டால் குறை அந்தத் தண்டுகளின் பேரிங்குகளில். அதற்கு மாறாக, மிதிக்கும்போதுதான் கீச்சென்ற ஒலி பிறக்கிறது என்றால், அது கிளட்சின் ரிலீஸ் பேரிங். ஒரு பெடலை மிதித்து எடுப்பதிலேயே இரண்டு உறுப்புகளைப் பிரித்து அறிந்துவிட்டோம்.

பெடலை மிதித்தபடி ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். அப்போதும் 'கரகர' என்றால் கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை. அடுத்து, அதற்கு நேர் எதிர்ச் சோதனை. வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக்கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கைப் போட்டு, உயர்ந்த கியர் ஒன்றைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக் கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. கிளட்ச் தட்டை மாற்றுவது பெரிய செலவல்ல. அதை விலையில் பேசிக் குறைத்துக் கொள்ளலாம். ஆனால் தட்டு தேய்ந்து போன வண்டி எதை இழுத்துத் தேய்ந்தது என்று யோசிக்க வேண்டும்.

பிறகு சாலையில் ஓட்டம். ஒவ்வொரு கியரிலும் ஒரு முறை ஆக்சிலேட்டரை மிதித்து, ஒரு முறை முற்றிலும் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பற்களில் குறை. எல்லாக் கியரிலும் முனகி, டாப் கியரில் மட்டும் அடங்கினால்? பழைய ஐந்து கியர்ப் பெட்டிகள் பலவற்றில் டாப் கியர் என்பது முன் தண்டையும் பின் தண்டையும் நேரே பூட்டிவிடுவதுதான். அப்போது லே ஷாஃப்ட் சுமையின்றிச் சும்மா சுழலும். ஆகவே குறை லே ஷாஃப்டின் பேரிங்கில்! (சில பெட்டிகளில் டாப்புக்கு முந்தைய கியர்தான் நேர்ப் பூட்டு, மெக்கானிக்கைக் கேட்டுக் கொள்ளுங்கள்.) ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றியும் சத்தம் போகாமல் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால், குறை பெட்டியின் பின் பேரிங்கிலோ, அதற்கும் பின்னால் பிரொப்பெல்லர் ஷாஃப்ட், கிரவுன் பினியன், சக்கர பேரிங் இவற்றுள் ஒன்றிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைச் சமதளத்தில், ஆளில்லாத சாலையில், ஒரு சில விநாடிகளே செய்ய வேண்டும்.

கியரை மாற்றும்போது எழும் ஒலியும் ஒரு தடயம். ஓடும் பஸ்ஸோடு சமமாக ஓடுபவர்தான் அதில் தடுமாறாமல் ஏற முடியும். (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்!) அதுபோல, சுழலும் இரு பகுதிகள் வேகம் சமமான பின்புதான் சத்தமின்றிக் கோத்துக் கொள்ளும். பழைய லாரிகளில் ஓட்டுநர் கிளட்சை இரு முறை மிதித்து, இடையில் ஆக்சிலேட்டரைத் தட்டி, தாமே வேகத்தைச் சமன் செய்வார். அந்த வேலையை உராய்வு வளையங்களிடம் ஒப்படைத்த 'சிங்க்ரோமெஷ்' முறை 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் முதன்முதலாக வந்தது. இன்று லாரிகளிலும் அது பரவிவிட்டது. அத்தகைய பெட்டியில், கிளட்ச் சரியாக இருந்தும், குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் போடும்போதெல்லாம் கரகரத்தால், அந்த வளையம் தேய்ந்துவிட்டது. தட்டில் பொன்துகள் பார்த்தோமே, அது இங்கே பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகள் ஒரே விடையைத் தந்தால் அந்த விடையை நம்பலாம்.

எல்லாக் குறைகளிலும் நான் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு. ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுவது. கியரைப் பூட்டி வைக்கும் பற்களின் விளிம்புகள் தேய்ந்து உருண்டு போனால், சுமை திசை மாறும்போது ஒன்றையொன்று வெளியே தள்ளிவிடும். விருத்தாசலம் வட்டாரம் சமதளம். அங்கே இது வெறும் தொல்லையாகத் தோன்றலாம். அதே லாரி ஒரு நாள் தருமபுரியிலிருந்து சேலத்துக்குத் தொப்பூர் கணவாயில் சுமையோடு இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீண்ட இறக்கத்தில் சிறிய கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியர் நழுவிவிட்டால் அத்தனை டன்னையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் சூடேறி உராய்வை இழக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி அங்கே விபத்துக்குள்ளான லாரிகள் பல. பின்னால் டிரெய்லரும் தள்ளிக் கொண்டு வந்தால் சொல்லவே வேண்டாம். கியர் நழுவும் வண்டியை, பெட்டியைப் பிரித்துச் சரி செய்யாமல், எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். தகுதிச் சான்றான எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனைக்காக யாரும் பெட்டியைப் பிரித்துப் பற்களைப் பார்ப்பதில்லை.

ஏற்றச் சோதனைக்கு, ரயில் பாதையைக் கடக்கும் மேம்பாலம் ஒன்று போதும். முடிந்தால் சுமையோடு ஏறிப் பார்க்க வேண்டும்; காலி லாரி எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். திரும்பி வந்ததும் பெட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கழுவித் துடைத்த பெட்டி எங்கே கசிகிறது என்பதைத் தாள் காட்டும். அந்த அரை மணியில் இழுவைக் கொக்கியைப் பார்த்துவிடுங்கள். 'டிரெய்லரே பூட்டியதில்லை' என்று விற்பவர் சொல்லும் லாரியின் கொக்கி தேய்ந்து பளபளத்தால், மீட்டர் சொல்லாத கணக்கை அது சொல்கிறது.

இனி உங்களுக்கு ஒரு புதிர். ஒரு பழைய ஐந்து கியர் லாரி. நின்றபடி நியூட்ரலில் உறுமுகிறது. கிளட்சை மிதித்தால் மௌனம். ஓடும்போது முதல் நான்கு கியர்களிலும் முனகல். நேர்ப் பூட்டான டாப்பில் அமைதி. எந்தக் கியரும் நழுவவில்லை. தட்டில் பொன்துகள் இல்லை. எஃகுத் துகள்கள் காந்தத்தின் பின்னே ஊர்கின்றன, ஆனால் சில்லு ஏதும் இல்லை. எந்த உறுப்பை மாற்ற வேண்டும்? அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு இந்த லாரியை வாங்கலாமா, வேண்டாமா? விடையை எழுதி வைத்துக் கொண்டு, உங்கள் ஊர்ப் பட்டறையில் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.